பேச்சியம்மாளின் மூக்கு

வானத்தில் மருந்துக்குக்கூட ஒரு மேகம் இல்லை. செவ்வேந்தல் கண்மாய் வறண்டு, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. காக்கைகூட நிழல் தேடிப் போய்விட்ட அந்தப் பங்குனி உச்சி வெயிலில், பேச்சியம்மாள் களம் முழுக்கக் காயப்போட்டிருந்த மிளகாயை அவசர அவசரமாக வாரிக் குவித்துவிட்டுத் தார்ப்பாயை உதறினாள்.

“அங்கிட்டு அந்த முனையைப் பிடி ஆத்தா. மழை வருது.”

விநோதினி முனையைப் பிடித்தாள். மழை வரவில்லை என்று அவளுக்குத் தெரியும். அத்தையின் மூக்கில் ஏறியிருக்கும் மண்வாசனை எங்கிருந்து வந்தது, எத்தனை நாள் இருக்கும் என்பதெல்லாம்கூடத் தெரியும். அந்த வாசனைக்குச் சம்மதம் சொல்லிக் கை தூக்கியவர்களில் அவளும் ஒருத்தி. கை தூக்கியது மட்டுமா, யோசனையே அவளுடையதுதான். ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. நாற்பத்தொரு நாடுகளின் முன்னால் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாள்.

வழக்கமாக அந்த முனையைப் பிடிப்பவர் பக்கத்துக் களத்துச் சாத்தையா. தார்ப்பாய் ஒற்றை ஆள் இழுக்கிற சமாசாரம் இல்லை. காற்று சேர்ந்துகொண்டால் ஆளையே தூக்கிவிடும். அவர் களத்தை மூடும்போது பேச்சியம்மாள் ஒரு முனை, இவள் களத்தை மூடும்போது அவர் ஒரு முனை என்று வருஷக்கணக்காக ஓர் ஏற்பாடு. இன்றைக்கு அவர் தன் களத்து ஓரம் வேப்பமர நிழலில் இடுப்பில் கை வைத்து நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

“என்ன மதினி, சூரியனுக்குப் பயந்தா மூடுறீக?”

“மழை வாசம் கமகமன்னு வருது கொழுந்தனாரே. உங்க மூக்குல என்ன அடைச்சிருக்கு?”

“எனக்கு வெயில் வாசந்தான் வருது” என்றார் சாத்தையா. முனையைப் பிடிக்க அவர் வரவில்லை.

விஷயம் இதுதான். அடுத்த கொள்ளைக் காய்ச்சல் வரும்போது இந்தத் தடவையாவது முழித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நாற்பத்தொரு நாடுகள் கூடி ஒத்திகைச் சபை என்று ஒன்றை ஆரம்பித்தன. தீ விபத்துக்கு ஒத்திகை என்றால் மணியை அடித்துவிட்டு எல்லாரையும் மாடியிலிருந்து இறங்கச் சொல்லலாம். காய்ச்சலுக்கு எப்படி ஒத்திகை பார்ப்பது? முதலில் காகிதத்தில் பார்த்தார்கள். எல்லா நாடுகளும் நூற்றுக்கு நூறு வாங்கின. அப்போதுதான் சபைக்குச் சந்தேகம் வந்தது.

ஆகவே ஓர் இன்ஃபுளுயன்சா கிருமியைப் பிடித்துப் பல்லைப் பிடுங்கி, நகத்தை வெட்டி, ஒத்திகைக் கிருமியாக்கினார்கள். காய்ச்சல் வராது, இருமல் வராது. மற்றபடி நிஜக் கிருமி எப்படிப் பரவுமோ அப்படியே பரவும். வந்தவருக்கு மூன்று நாள் ஒரே ஓர் அறிகுறி தெரியும். ஒருமுறை வந்துபோனால் அந்த ஆளுக்கு மறுபடி வராது. வருஷத்துக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கிச் சில ஊர்களில் ரகசியமாக அவிழ்த்துவிடுவார்கள். ஊரில் யாராவது ஒருவர் ‘நலமா’ என்ற தொலைபேசி மையத்தைக் கூப்பிட்டு, உடம்பில் என்னமோ புதுசாக இருக்கிறது என்று தானாகச் சொல்ல வேண்டும். பத்து நாள் கெடு. கண்டுபிடித்த நாடு, நிஜக் காய்ச்சல் வரும்போது தடுப்பூசிப் பங்கீட்டில் முதல் வரிசை. கோட்டைவிட்ட நாடு கடைசி வரிசை. ஊருக்கு இரண்டு மேற்பார்வையாளர்கள் உண்டு. ஒருவர் உள்நாடு, ஒருவர் வெளிநாடு. அறிகுறி என்னவென்று அவர்கள் ஒரு வார்த்தை உளறினாலும் அந்த நாட்டுக்குக் கடைசி வரிசைதான்.

ஊர்க்காரர்களின் சம்மதம் முறைப்படி வாங்கப்பட்டிருந்தது. கிராம சபைக் கூட்டத்தில் தார்ச்சாலைத் தீர்மானத்துக்கும் குடிநீர்த் தொட்டித் தீர்மானத்துக்கும் நடுவில் ஒத்திகைத் தீர்மானமும் வந்தது. கை தூக்கிய வேகத்தில் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தூக்கிவிட்டார்கள்.

அறிகுறியைத் தேர்ந்தெடுப்பதுதான் சபைக்குப் பெரிய பாடு. முந்தின வருஷம் நாக்கில் புதினா ருசி வைத்தார்கள். பற்பசைக் கம்பெனிகள் வழக்குப் போட்டன. அதனால் இந்த வருஷம் வாசனை. ரோஜா என்றதும் பல்கேரியாக்காரர் தங்கள் நாட்டை அவமதிப்பதாகச் சொன்னார். காப்பி என்றதும் மூன்று நாடுகள் ஒரே சமயத்தில் எழுந்து நின்றன. ஜெனீவாவில் அந்தக் கூட்டம் ஜவ்வாக இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தியாவின் பிரதிநிதி டாக்டர் விநோதினி மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள்.

“முதல் மழையில் மண்ணிலிருந்து வருமே, அந்த வாசனை. அது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாது.”

கைதட்டினார்கள். செனகல் நாட்டுக் கிருமி விஞ்ஞானி உஸ்மான் ஜாலோ மட்டும் கைதட்டவில்லை. “எங்கள் பக்கத்தில் அந்த வாசனை வந்தால் ஜனங்கள் விதைக் கூடையைத் தூக்கிக்கொண்டு வயலுக்கு ஓடுவார்கள்” என்றார். மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகியிருந்தது. வாக்கெடுப்பு நடந்து முடிந்தது.

குலுக்கலில் வந்து விழுந்த ஊர் செவ்வேந்தல். தன் அப்பாவின் கூடப்பிறந்தவள் அங்கே இருக்கிறாள், ஊரை மாற்றுங்கள் என்று விநோதினி எழுதிப் பார்த்தாள். சொந்தக்காரர் வீடு இருந்தால் தங்குவதற்கு நல்ல சாக்கு என்று பதில் வந்தது. கூட வரும் வெளிநாட்டு மேற்பார்வையாளர் யார் என்று பார்த்தால், உஸ்மான் ஜாலோ.

வறட்சி ஆராய்ச்சிக்கு வந்திருப்பதாகச் சொல்லிவைத்தார்கள். அறுபதை நெருங்கிய, ஆறடி உயர மனிதரை ஊர் என்ன செய்யும் என்று விநோதினி பயந்துகொண்டே வந்தாள். ஊர் ஒன்றும் செய்யவில்லை. பெயரைக் கேட்டது, “உசுமான் பாயா, வாங்க பாய்” என்று பாயைத் தட்டிப் போட்டது, அவ்வளவுதான். அவர் சட்டைக் காலரில் மொழிபெயர்ப்புக் கருவி ஒன்று பொத்தான் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. எந்த வானொலி நிலையத்தில் தமிழ் கற்றதோ, அது செய்தி வாசிக்கிற தமிழில்தான் பேசும்.

“அம்மையாரே, தங்கள் குழம்பு என் கண்களில் நீரை வரவழைத்துவிட்டது. எனினும் மேலும் சிறிது வேண்டுகிறேன்.”

“என்ன அழகாப் பேசுறாரு பாரு” என்று பேச்சியம்மாள் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள். “நீயும் இருக்கியே, ஊருக்கு வந்தா ‘உம்’முங்கிறே, ‘ஊகும்’ங்கிறே.”

விநோதினி ‘உம்’ என்றாள். வேறு என்ன சொல்வது? அத்தையிடம் பேச ஆரம்பித்தால் உண்மை வந்துவிடுமோ என்று பயம். அந்த இரண்டு குறுக்கம் நிலத்து மிளகாய்தான் பேச்சியம்மாளுக்கு வருஷம் முழுவதும். மாமா செத்த பிறகு ஒற்றை ஆளாய் நின்று, கண்மாய் ஏமாற்றிய வருஷம்கூடக் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றிக் காப்பாற்றிய பயிர். அது இப்போது பாதி காய்ந்தும் காயாமலும் தார்ப்பாய்க்கு அடியில் வெந்துகொண்டிருக்கிறது. இன்னும் இரண்டு நாள் இப்படியே கிடந்தால் கறுத்துப் போகும். கறுத்த வத்தலை எந்த வியாபாரியும் கையால் தொட மாட்டான்.

யாராவது ‘நலமா’வைக் கூப்பிட்டுவிட்டால் போதும், அடுத்த நிமிஷம் விநோதினி உண்மையைச் சொல்லலாம். ஆனால் யார் கூப்பிடுவார்கள்?

“அத்தை, உடம்புக்கு ஏதாவது வித்தியாசமா இருக்கா?”

“நல்லாத்தானே இருக்கேன்.”

“தலைவலி, கைகால் குடைச்சல்?”

“ஒண்ணும் இல்லை.”

“கண்ணு, காது, மூ…”

உஸ்மான் ஜாலோ தொண்டையைச் செருமினார். விநோதினி வாயை மூடிக்கொண்டாள்.

“பெரிய படிப்புப் படிச்சா சொந்த அத்தைக்கு நோவு வரணும்னு ஆசை வந்துரும் போல” என்றாள் பேச்சியம்மாள்.

மழை வாசனை வருவதை யார் நோய் என்று நினைப்பார்கள்? அடுத்த நாளைக்குள் கீழத்தெருவில் நாலு களம் மூடியாயிற்று. ஒரு களத்துக்காரர் மூடுகிறார், எதிர்க் களத்துக்காரர் சிரிக்கிறார். மறுநாள் சிரித்தவர் மூடுகிறார். எந்த வீட்டில் கிருமி இருக்கிறது என்று பார்க்க விநோதினிக்குப் பரிசோதனைச் சாலையே வேண்டியிருக்கவில்லை. சிவப்பாய்த் தெரியும் களம் சுத்தம், நீலத் தார்ப்பாய் விரித்த களத்தில் கிருமி.

போன் பண்ணாமலும் யாரும் இல்லை. பண்ணினார்கள், வானிலை அலுவலகத்துக்கு. “வாசம் வருது, மழையைக் காணோம், என்னங்க ஆபீஸ் நடத்துறீக?” என்று சண்டை போட்டார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் மழைக்கு வாய்ப்பில்லை என்று அந்தப் பக்கத்திலிருந்து பொறுமையாகச் சொல்லிவிட்டு வைத்தார்கள். அந்த அலுவலகம் மாடியில் இருக்கிறது. அதே கட்டிடத்தின் கீழ்த்தளத்தில்தான் ‘நலமா’ மையம். ஜெனீவாவையும் செனகலின் டக்காரையும் டெல்லியையும் ஒரே கயிற்றில் கட்டிய உடன்படிக்கை, அந்த மாடிப்படியை மட்டும் விட்டுவிட்டது.

அன்று சாயங்காலம் உஸ்மான் ஜாலோவைக் காணவில்லை. தேடிப் போனால், கண்மாய்க் கரையில் தனியாக உட்கார்ந்திருந்தார். கருவியை அணைத்திருந்தார். அவர்கள் இருவரும் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில்தான். நாம் தமிழிலேயே கேட்டுக்கொள்வோம்.

“எனக்கும் வந்துவிட்டது” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. “நான் பிறந்த ஊரில் இந்த வாசனை வந்தால் என் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள். அவள் போய் முப்பது வருஷம் ஆகிறது. இப்போது இங்கே உட்கார்ந்து நாலு தடவை வானத்தைப் பார்த்துவிட்டேன். கிருமி என்று தெரிந்தும் பார்க்கிறேன்.”

“நீங்கள் அன்றைக்கே சொன்னீர்கள்.”

“பசி வேளையில் சொல்லிவிட்டேன். அது என் தப்பு.”

விநோதினிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இதே கரையில் விடுமுறைக்கு விடுமுறை வந்து விளையாடியவள் அவள். மழை வாசனை வந்தால் அத்தை களத்துக்கு ஓடுவதைப் பார்த்துப் பின்னாலேயே ஓடியவள். ஜெனீவாவின் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து ‘யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாது’ என்று எப்படித்தான் சொன்னாளோ. தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலையில் அவள் களத்துக்குப் போய்த் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கினாள். குப்பென்று சூடு முகத்தில் அடித்தது. உள்ளே கைவிட்டால் மிளகாய் கொதகொதவென்று இருந்தது. அவ்வளவுதான், அவளால் தாங்க முடியவில்லை.

“அத்தை, இதைத் திறந்துருங்க. மழை வராது.”

“வாசம் வருதே.”

“அது மழை வாசம் இல்லை, அத்தை. கிருமி. நாங்க விட்ட கிருமி. அது மூக்குக்குள்ள இருந்துக்கிட்டு இல்லாத வாசத்தைக் காட்டுது. நாற்பத்தொரு நாடு சேர்ந்து பண்ணுற ஒத்திகை. நான் சொல்லக் கூடாது, சொல்லிட்டேன். திறங்க.”

பின்னால் உஸ்மான் ஜாலோ நின்றுகொண்டிருந்தார். கருவி அவர் காதில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கும். விநோதினி திரும்பிப் பார்க்கவில்லை. நூற்றைம்பது கோடிப் பேரைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள். பேச்சியம்மாள் அவளை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

“நாப்பத்தொரு நாடு சேர்ந்து என் மூக்குக்குள்ள வந்துச்சாக்கும்.”

“நிசமாத்தான் அத்தை.”

“ஏத்தா, காலையில சாப்பிட்டியா இல்லையா? வெறும் வயித்துல வெயில்ல நிக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?” அவள் தார்ப்பாயின் ஓரத்தை இழுத்து மூடி, அதன்மேல் இன்னும் ஒரு கல்லைத் தூக்கி வைத்தாள். “அம்பது வருசமா இந்த மூக்கை வச்சுத்தான் களத்தைக் காப்பாத்துறேன். எனக்கு மழை வாசம் எதுன்னு நீ சொல்லித் தாறியா? போ, போயிச் சாப்பிடு.”

விநோதினி அப்படியே நின்றாள். உஸ்மான் ஜாலோ பக்கத்தில் வந்து கருவியை அணைத்தார்.

“இதை நீங்கள் எழுதியாக வேண்டும்” என்றாள் அவள்.

“எழுதுவேன். என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை” என்றார் அவர்.

வாசனை வந்த மாதிரியே ஒரு நாள் காலையில் பேச்சியம்மாளை விட்டுப் போயிற்று. மழை தப்பிவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் தார்ப்பாயைத் திறந்தாள். மேலாக இருந்தது பரவாயில்லை. நடுக் குவியலைக் கிளறியதும் கறுப்புக் கறுப்பாக வந்தது. கிளறக் கிளறக் கறுப்பு. களத்தின் நடுவிலேயே உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து, நல்லதை ஒரு பக்கமும் கெட்டதை ஒரு பக்கமும் போட ஆரம்பித்தாள். விநோதினியும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினாள். அத்தையின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் சாத்தையா வேலியோரம் வந்து நின்றார்.

“மதினி, சீக்கிரம் வாங்க, ஒரு முனையைப் பிடிங்க. மழை வருது.”

பேச்சியம்மாள் நிமிர்ந்தாள். “என்னது?”

“மழை வாசம் தூக்குது. எம்புட்டு மிளகாய் கிடக்கு, வாங்க.”

“கேலியா பண்ணுறீக?”

“கேலி எதுக்குப் பண்ணுறேன்? மூக்கு இல்லையா உங்களுக்கு? இப்படி அடிக்குது வாசம்.”

“எனக்கு அடிச்சப்போ இடுப்புல கையை வச்சுக்கிட்டுச் சிரிச்சீக. இப்ப என் வத்தல் கறுத்துப்போச்சுன்னதும் வந்து குத்திக் காட்டுறீகளா? வாசமும் இல்லை, ஒண்ணும் இல்லை. போயிருங்க அங்கிட்டு.”

“வாசம் இல்லையா? இந்தா இப்ப வருதே. என் களம் நனையட்டும்னு பொறாமையில சொல்றீக.”

“யாருக்குப் பொறாமை?”

ஐந்து நிமிஷத்தில் இரண்டு தெரு கூடிவிட்டது. வாசனை வருகிறது என்று பாதிப் பேர், வரவில்லை என்று பாதிப் பேர். நேற்று வந்தது, இன்று இல்லை என்று சிலர். ஒருவரை ஒருவர் பொய்யர் என்றார்கள். பழைய வரப்புத் தகராறு ஒன்று நடுவில் எழுந்து உட்கார்ந்தது. சாத்தையாவுக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறிவிட்டது. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். உடம்பில் எது என்றாலும் கூப்பிடுங்கள் என்று ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியிருந்த எண்ணை அழுத்தி, ஊரே கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டார்.

“நலமா? சொல்லுங்க” என்றது ஒரு பெண் குரல்.

“நலம் இல்லைம்மா. எனக்கு இல்லை, எங்க ஊர்ல பேச்சியம்மாள்னு ஒருத்தவுக. நல்ல வெயில்ல மழை வாசம் வருதுன்னு களத்தை மூடுனாக. இப்ப நிசமாவே வாசம் வருது, வரலைங்கிறாக. மூக்குல என்னமோ கோளாறு. ஆளு அனுப்பிப் பாருங்க.”

விநோதினியின் கை வாய்க்குப் போயிற்று. உஸ்மான் ஜாலோ அவள் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“இங்க கொடுங்க அதை” என்று பேச்சியம்மாள் போனைப் பிடுங்கினாள். “யம்மா, எனக்குக் கோளாறு இல்லை. சாத்தையான்னு ஒருத்தரு, அவருக்குத்தான். வராத வாசம் வருதுங்கிறாரு. எழுதிக்க, செவ்வேந்தல் கீழத்தெரு.”

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம். பிறகு குரல் நிதானமாகக் கேட்டது: “இருங்கம்மா. உங்களுக்கு முதல்ல வந்துச்சு, அப்புறம் போயிருச்சு. அவருக்கு இப்பத்தான் வருது. அப்படித்தானே? உங்க ரெண்டு பேர் வீடும் பக்கத்துப் பக்கத்துலயா? வேற யாருக்கெல்லாம் இப்படி இருக்கு?”

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. பிறகு எல்லாரும் ஒரே சமயத்தில் போனை நோக்கிப் பேசினார்கள்.

பொழுது சாய்வதற்குள் வெள்ளை வண்டி வந்தது. மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டார்கள். அந்த வருஷம் உலகத்திலேயே முதலில் கண்டுபிடித்த ஊர் செவ்வேந்தல் என்று ஜெனீவாவிலிருந்து வாழ்த்து வந்தது. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருத்தெருவாகப் போய், வாசனை பொய், களத்தைத் திறங்கள் என்று கத்தியது. தார்ப்பாய்கள் ஒவ்வொன்றாக விலகின. ஊர் மறுபடி சிவப்பானது. சாத்தையாவின் மிளகாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

பேச்சியம்மாள் அன்று விநோதினியைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தாள்.

“நீ சொன்னே. நான்தான் நம்பலை.”

“ஆமா, அத்தை.”

“இந்த வாசத்தை யாரு பிடிச்சுக் கொடுத்தது?”

“நான்தான்” என்றாள் விநோதினி. அழக் கூடாது என்று நினைத்திருந்தாள், முடியவில்லை. “யாருக்கும் கெடுதல் வராதுன்னு சொன்னேன்.”

பேச்சியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபம் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. கடைசியில் மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டுச் சொன்னாள்: “வேற வாசமே கிடைக்கலையா ஒனக்கு? செத்த எலி வாசத்தை வச்சிருந்தா அன்னைக்கே ஊரு பூராவும் போன் பண்ணியிருக்கும்ல.”

உஸ்மான் ஜாலோ அதைக் குறித்துக்கொண்டார்.

அறிக்கை எழுத உட்கார்ந்தபோது, கண்டுபிடிக்கப்பட்ட விதம் என்ற இடத்தில் என்ன போடுவது என்று பிரச்சினை வந்தது. ‘சமூக விழிப்புணர்வு’ என்று போடலாம் என்றாள் விநோதினி. “பக்கத்து வீட்டுச் சண்டை என்று போடுங்கள்” என்றார் உஸ்மான் ஜாலோ. “அதற்கு ஆங்கிலத்தில் மரியாதையான சொல் இருந்தால் நான் கண்டுபிடிக்கிறேன்.” ‘தீங்கற்ற கிருமி’ என்று சபையின் எல்லாக் காகிதத்திலும் இருந்த சொல்லை அடித்து, கெட்டுப்போன மிளகாய்க்குச் சபைதான் பொறுப்பு என்று அவள் எழுதினாள். தான் அத்தையிடம் வாய்விட்டதையும் எழுதினாள். அவர் அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்தார்: ‘சொன்னார், கேட்டவர் நம்பவில்லை. நிஜக் காய்ச்சலிலும் இதுதான் நடக்கும் என்பதால், இதையும் ஒத்திகையின் பகுதியாகக் கருத வேண்டுகிறேன்.’

சபை யோசித்துப் பார்த்து, இந்தியாவை முதல் வரிசையில் உட்காரவைத்தது. விநோதினியை இனி எந்த ஊருக்கும் அனுப்புவதில்லை என்று முடிவு செய்தது. மிளகாயைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுவார்கள். மேலும் ஒரு வாரம், புகார் சொன்னவர்களை ‘நலமா’ தினமும் கூப்பிட்டு நலம் விசாரிக்க வேண்டும் என்றும் உத்தரவு. சாத்தையாவுக்கு அது பெரிய கௌரவமாகிவிட்டது. போன் அடித்தால் நாலு பேர் பார்க்கிற இடத்துக்கு வந்து நின்றுதான் எடுப்பார். மாடியில் வானிலை அலுவலகம் இருப்பதைக்கூட அந்தப் பெண்ணிடம் பேசித் தெரிந்துகொண்டார்.

ஆனால் அவரும் பேச்சியம்மாளும் பேசிக்கொள்வது நின்றுபோனது. அவர் தன் தார்ப்பாயின் ஒரு முனையைக் கல்லில் கட்டிவைத்தார். இவள் தன்னுடையதை மடித்து மூலையில் போட்டுவிட்டாள். இனி எந்த வாசனைக்கும் தான் ஓடப் போவதில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். விநோதினிக்கு அதுதான் கறுத்த மிளகாயைவிடக் கஷ்டமாக இருந்தது. மூக்கை நம்பி வாழ்ந்த மனுஷியின் மூக்கைக் கெடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாளன்று, பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தவளுக்கு வாசனை வந்தது. ஈர மண். நெஞ்சு வரைக்கும் இறங்கியது. அவள் சிரித்துவிட்டாள். கடைசி நாளில் தனக்கும் தொற்றிவிட்டது.

“எனக்கும் வந்துருச்சு, அத்தை” என்று சொல்லிக்கொண்டே களத்துக்குப் போனாள்.

பேச்சியம்மாள் களத்தின் நடுவில் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். மிச்சமிருந்த நல்ல மிளகாய் அவளைச் சுற்றிக் காய்ந்துகொண்டிருந்தது.

“ஒரு தடவை வந்து போனா மறுபடி வராதுன்னு சொன்னேல்ல?”

“வராது.”

“அப்ப எனக்கு எதுக்கு வருது?”

விநோதினி வானத்தைப் பார்த்தாள். தலைக்கு மேலே வெயில்தான். தெற்கே மட்டும் என்னவோ மங்கலாக இருந்தது, தூசியாகவும் இருக்கலாம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். ஓடவும் பயம், ஓடாமல் இருக்கவும் பயம். பேச்சியம்மாள் மூக்கை முந்தானையால் துடைத்து, மறுபடி இழுத்துப் பார்த்தாள். பிறகு வேலிப் பக்கம் திரும்பி, இத்தனை நாள் பேசாத ஆளைக் கூப்பிட்டாள்.

“கொழுந்தனாரே, உங்களுக்கு வாசம் வருதா?”

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தலை நிமிர்ந்தது.

“வருது” என்றார் சாத்தையா மெல்ல. “எனக்குத்தான் ஏற்கெனவே வந்து போயிருச்சேன்னு பேசாம இருக்கேன். உங்களுக்கு?”

“எனக்கும் வருது.”

வீட்டுக்குள்ளிருந்து உஸ்மான் ஜாலோ வெறுங்காலோடு ஓடிவந்தார். அவர் வாய் திறந்ததும் காலரிலிருந்த கருவி, கூட்டம் கூடி நிற்பது மாதிரி அறிவித்தது: “எனக்கும் மணக்கிறது. மீண்டும் மணக்கிறது.”

வந்து போனவர்கள் மூன்று பேர், வராத ஒருத்தி. நாலு மூக்கும் ஒரே நேரத்தில் ஒரே வாசனையைச் சொல்கின்றன.

“தார்ப்பாய்” என்றாள் பேச்சியம்மாள்.

சாத்தையா வேலியைச் சுற்றிவரப் பொறுமையில்லாமல் தாண்டிக் குதித்து, பேச்சியம்மாளின் தார்ப்பாயில் ஒரு முனையைப் பிடித்தார். அதை மூடி முடித்ததும் எல்லாருமாக அவர் களத்துக்கு ஓடினார்கள். பேச்சியம்மாள் ஒரு முனை, விநோதினி ஒரு முனை, உஸ்மான் ஜாலோ ஒரு முனை. கடைசிக் கல்லை வைக்கும்போது முதல் சொட்டு விநோதினியின் புறங்கையில் விழுந்தது. அடுத்த நிமிஷம் கண்மாய்ப் பக்கமிருந்து இரைச்சல் கேட்டது. உஸ்மான் ஜாலோ முகத்தை வானத்துக்குக் காட்டியபடி நின்றுவிட்டார். பேச்சியம்மாள் விநோதினியைத் தன் பக்கம் இழுத்து, தன் முந்தானையை அவள் தலையில் போட்டாள்.

சாத்தையாவின் சட்டைப் பையில் போன் அடித்தது. காற்றில் எகிறிய முனையை ஒரு கையால் அமுக்கிக்கொண்டே மறு கையால் எடுத்தார். நனைந்த காதில் வைத்தார்.

“நலமா? இன்னைக்கு ஏதாவது வாசனை வந்துச்சாங்க?”

“வருது” என்றார் சாத்தையா. “ஊருக்கே ஒரே நேரத்துல வருதும்மா. எழுதிக்கங்க. அப்படியே மாடிக்கும் போயிச் சொல்லிருங்க.”